பலகைத் தடுப்பில் ஒரு கருவண்டு

“சீ! யாரோ வாந்தி எடுத்து வச்ச மாதிரி இருக்கு. இதப் போயி போட்டோ எடுக்கியே, நீயெல்லாம் மனுசியா?”

பல் துலக்க வந்த சுஜிதா பிரஷ்ஷும் கையுமாகக் குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ரம்யா செல்போனைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தாள். பலகைத் தடுப்பில் இருந்த துளையிலிருந்து மஞ்சள் பசையும் மென்று துப்பியது போல் பச்சை இலையும் கீழே விழுந்து கிடந்தன. நடுவே ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது.

“யேசுவே! குமட்டுது. ஏளா, அத மிதிச்சுத் தொலை.”

“மிதிச்சே, உன்னக் கொன்னுருவேன். பச்சப்புள்ள அது.”

இருவருக்கும் ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் வேலை. மில்லர்புரத்தில் பால்துரை அண்ணாச்சி தன் வீட்டைப் பலகையடித்து இரண்டாக்கி, ஒரு பாதியை இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்தப் பலகைத் தடுப்புதான் இவர்கள் குளியலறைக்கும் ஒரு பக்கச் சுவர்.

“இந்தப் புழுவோட என்னால குளிக்க முடியாது. நான் வேற வீடு பாக்கப் போறேன்” என்று கத்தினாள் சுஜிதா.

சத்தம் கேட்டு அண்ணாச்சியே வந்துவிட்டார். கையில் நீளமாக ஒரு கம்பி.

“அதுக்கு ஏம்மா காலி பண்ணணும்? கருவண்டு செய்யுத வேல. மரத்தத் தொளைச்சுக் கூடு கட்டுது, சனியன். இப்பந்தான் எங்க பக்கம் நின்னு குத்தித் தள்ளுனேன்.”

“சிமெண்ட் வச்சு அடைச்சிருங்க அண்ணாச்சி.”

“அடைச்சா பக்கத்துலயே இன்னொண்ணு போடும். விடுங்க, நானே தெனமும் சுத்தம் பண்ணிருதேன். எனக்கென்ன சிரமம்?”

அவர் போனதும் சுஜிதா சொன்னாள்: “தங்கமான மனுசன். நீயும் இருக்கியே, புழுவுக்குத் தாலாட்டுப் பாடிட்டு!”

ரம்யா செல்போனைத் துளைக்கு நேரே பிடித்தாள். கறுப்பாக ஒன்று ஜன்னல் வழியே ரீங்கரித்துக்கொண்டு வந்து துளையின் விளிம்பில் உட்கார்ந்தது. அதன் வாயில், கத்தரித்தது போல வட்டமாக ஒரு இலைத்துண்டு.

“ஏளா, இங்க பாரு! இது கருவண்டே இல்ல!”

“கருகருன்னு தான இருக்கு?”

“பாக்கத்தான் அப்படி. கருவண்டு மகரந்தத்தக் கால்ல ஒட்டிக் கொண்டு போவும். இதுக்கு வயித்துக்கு அடியில பூரா மஞ்சள், பாத்தியா? இலைவெட்டித் தேனீ! எத்தன நாளா தேடுதேன் தெரியுமா!”

“எதுவா இருந்தா எனக்கென்ன? நம்ம பலகையில ஓட்டை போடுதுல்லா?”

ரம்யா துளையருகே குனிந்தாள். தேனீ இலையை உள்ளே இழுத்துப் போவதைப் பார்த்தாள். முகம் மெல்லச் சுருங்கியது.

“சுஜி, இதுக்கு மரத்தத் தொளைக்கவே தெரியாது. இருக்குத ஓட்டைய இலைய வச்சு அடைக்க மட்டுந்தான் தெரியும். அப்போ அண்ணாச்சி தெனமும் அதக் குத்தித் தொறந்து விடுதாரே, எதுக்குன்னு நினைக்க?”