துரை செய்த குற்றம்

“இந்தப் பூனைய இண்டைக்கே கல்முனைச் சந்தையில கொண்டு விட்டுட்டு வாறன். சாக்க எடு நபீலா!”

ஸப்ரியின் குரல் தெருவரைக்கும் கேட்டது. கோபப்படாமல் என்ன செய்வான்? மத்தியான லுஹர் தொழுவதற்காக விரித்த பாயில் துரை மூத்திரம் பெய்துவிட்டது.

துரை லேசுப்பட்ட பூனை இல்லை. குட்டியிலிருந்தே வளவு மண்ணில் குழி தோண்டி, காரியம் முடித்து, மூடிவிட்டு வருகிற மரியாதைக்காரன். பெயரே அதனால் வந்ததுதான். ஆனால் கொஞ்ச நாளாக ஆளே மாறிவிட்டது. முந்தாநாள் ஹோலில் கிடக்கும் செட்டி மெத்தையில் பெய்தது. நேற்று துணிக் கூடையில். தூக்கப் போனால் சீறுகிறது. கூப்பிட்டால் அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிகிறது.

“செட்டியக் கழுவலாம், துணியத் தோய்க்கலாம். தொழுற பாயில அசுத்தம், நஜீஸ் பட்டா பாத்துக்கிட்டு இரிக்கிறதா?” சாக்கை உதறினான் ஸப்ரி.

“அதத் தொடாதீங்க மருமகன்!”

பின்னறை வாசலில் நபீலாவின் வாப்பா றஸாக் நின்றார். முகம் சிவந்திருந்தது.

“அது வேணுமெண்டு செய்யல்ல. ஏலாமத்தான் செய்யுது. டொக்டருக்கிட்டக் காட்டாமச் சந்தையில விடுறெண்டா, என்னையும் சேத்து அந்தச் சாக்கில கட்டுங்க.”

சொன்ன கையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“விளங்கிச்சா?” ஸப்ரி மனைவியைப் பார்த்தான். “பூனைக்காகக் கதைக்கல்ல. அவருக்கு என்மேலதான் கோபம். அவரட வீட்ட அவரே வெச்சிக்கட்டும், நபீலா. நாம வேற வீடு பாப்பம்.”

நபீலா சாக்கைப் பிடுங்கிக்கொண்டாள். தனியாக விட்டுப் போனால் வாப்பாவை யார் பார்ப்பார்கள்? உம்மாவும் இல்லை.

மருதமுனையில் மகளைக் கட்டிக் கொடுத்தால் வீட்டையும் அவள் பெயருக்கு எழுதிக் கொடுப்பார்கள். மருமகன் அங்கே வந்து குடியிருப்பான். றஸாக்கும் சந்தோசமாகத்தான் கொடுத்தார். வெள்ளிக்கிழமையென்றால் மாமனும் மருமகனும் ஒன்றாகப் பள்ளிவாசலுக்குப் போய்வந்து, ஒரே சஹன் தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு எல்லாம் நின்றுபோனது. முன் ஹோலில் அவர் இருப்பதில்லை. படுக்கையைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டார். சாப்பாடும் அங்கேதான். உடுத்த சாறனைத் தானே தோய்த்துக் காயப்போடுகிறார். நபீலா கைவைத்தால் எரிந்து விழுகிறார். ஜும்ஆத் தொழுகைக்குக் கூப்பிட்டால், “நீங்க போங்க” என்பதோடு சரி.

பள்ளிக்குப் போகாத மனிதரை ஊர் சும்மா விடுமா? “வீட்ட எழுதிக் குடுத்திட்டு, இப்ப மனசு கேக்குதில்லப் போல” என்று பக்கத்து வீட்டு ஹாஜறா நேரிலேயே கேட்டுவிட்டாள். நபீலாவும் அதைத்தான் நம்பினாள். நொந்துகொண்டே நம்பினாள்.

“வாப்பாட சொல்லுக்காக ஒருக்காக் காட்டிட்டு வாறன். பொறகு என்ன வேணுமெண்டாலும் செய்ங்க,” என்று துரையைக் கூடைக்குள் அமுக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

மிருக வைத்தியர் உசாந்தினி வயிற்றைத் தொட்டதும் துரை அலறியது.

“அடிச்சீங்களா?”

“ஓம் டொக்டர், கூட்டுற தும்புத்தடியால...” நபீலா தலையைக் குனிந்துகொண்டாள். “கண்ட இடமெல்லாம் பெய்யுது. திமிர் புடிச்சிட்டு எண்டு நினைச்சம்.”

“திமிர் இல்ல. மூத்திரம் போற வழி அடைச்சிருக்கு. கடுவன் பூனைகளுக்கு வாற வருத்தம் இது. முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாத்தான் போகுது, அதுவும் சரியான நோ. இன்னும் விட்டிருந்தா செத்திருக்கும்.”

“அல்லாஹ்வே! ஒரு நாளும் கத்தி அழல்லயே டொக்டர்?”

“பூனை நோவைக் காட்டாது, ஒளிச்சிடும். நல்லாப் பழகின பூனை திடீரெண்டு மாறினா, கோபிக்க முதல் அதுக்கு என்ன வருத்தமெண்டு பாக்க வேணும்.”

குழாய் போட்டு அடைப்பை எடுத்து, சில நாள் தன்னிடமே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துரையை வீட்டுக்கு விட்டார் அவர்.

கூடையைத் திறந்ததும் துரை பின்னறைக்குப் போய் றஸாக்கின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. பின்னாலேயே வந்தாள் நபீலா.

“என்னவாம் மகள்?”

“மூத்திர அடைப்பாம் வாப்பா. நீங்க சொன்னதுதான் சரி. பாவம், வேணுமெண்டு செய்யல்ல. நாமதான் விளங்காம அடிச்சிட்டம்.”

“முழுசாச் சுகமாகுமாமா?”

“ஓம் வாப்பா. மருந்து தந்திரிக்காங்க. இனிப் பயமில்லயாம்.”

றஸாக் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை.

“எனக்கும் இந்த மாதிரித்தான் மகள். அடக்க ஏலாது, தெரியாமலே போகுது. கைகால் கழுவி வுழூ எடுத்தா, அந்தச் சுத்தம் நிக்குதில்ல. பள்ளியில ஆக்களோட நிக்கக்குள்ள நனைஞ்சிட்டா என்ன செய்ற எண்டுதான் போகல்ல. உங்கட செட்டியிலயும் இரிக்கல்ல. மனிசருக்கும் இதுக்கு மருந்து இரிக்குமா?”

நபீலா வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் நிறைந்தது.

கதவடியில் கேட்டுக்கொண்டு நின்ற ஸப்ரி உள்ளே வந்து, மாமனாரின் கையைப் பிடித்தான்.

“இரிக்கி மாமா. சட்டையப் போடுங்க, இப்பவே போவம்.”