கம்பெனி சாமான்

விதவிதமான மின் அலைகளை உண்டாக்கும் கருவி ஒன்றை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வரைபடங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டார் அவர். சர்க்யூட் போர்டு வரைபடத்தின் மூலையில் மகள் வரைந்த மூன்று கால் பூனையும் சேர்ந்தே போனது.

"ஊருக்கே வாரிக் குடுத்தாச்சு. அது ஒழுங்கா ஓடுதான்னு யாரு பாத்தா?" என்று மனைவி சீண்டினாள்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, விலை உயர்ந்த கம்பெனிக் கருவி ஒன்றை வாங்கி வந்தார். திரையில் இரண்டின் அலைகளும் இரட்டைப் பிள்ளைகள்போல நெளிந்தன.

"பாத்தியா? கம்பெனிக்காரனுக்கு நான் மயிரிழைகூடக் குறைச்சல் இல்ல."

"அப்படி என்னதான் உள்ள வெச்சிருக்கான்?" என்று அவள் புதுக் கருவியின் மூடியைக் கழற்றினாள். உற்றுப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"ஓடி வா கண்ணு. உன் பூனை வந்திருக்கு. அப்பா காசு குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காரு."