பக்கத்து சீட்

கணினி, மனித அறிவின் சிகரம். அந்தச் சிகரத்தை ஆள்வது இயங்குதளம். இவ்விரண்டையும் உலகுக்கு விளக்கவே பிறந்தவர் சிவநேசன்.

உலகு என்றால், மலேசியாவில் பாடாங் மேஹாவிலிருந்து கூலிம் தொழிற்சாலைக்குக் காலை ஷிஃப்ட் ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்.

உலகு அவர் பக்கத்தில் உட்காருவதில்லை.

வரும் சனிக்கிழமை அவருக்குக் கணினியியல் முதுகலைச் சேர்க்கைக்கான வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தேர்வை இரண்டு முறையும் தாண்டியவர்தான். பேராசிரியர்களைக் கண்டால் வாய் கட்டிக்கொள்ளும். போன தடவை தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். இது மூன்றாவது. இதோடு வாய்ப்பு முடிந்துவிடும்.

வாடகை அறையில் கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்தார். கண்ணாடியும் திக்கியது. உயிருள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பழனியாண்டி இரண்டு நாள் தாங்கினான். மூன்றாம் நாள் பின் சீட்டுக்கு மாறிக்கொண்டான்.

“நேசண்ணே, வேலைக்குப் போறதுக்குள்ளயே களைச்சுப் போயிடுறேன்லா.”

இன்று புதிதாகச் சேர்ந்த ஹபீஸா ஏறினாள். வேறு இடம் காலியில்லை. ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தார். கொஞ்சம் பாடம் சொல்லிப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

கணினி வேலைகளைப் பிரித்துச் செய்யும் பைப்லைனில் தொடங்கினார். ரொட்டி சானாய் கடையில் ஒருவர் மாவு பிசைய, ஒருவர் வீச, ஒருவர் கல்லில் போட, ஒரு ரொட்டி முடியும்வரை யாரும் சும்மா நிற்பதில்லை அல்லவா, அதுதான்.

தலையாட்டினாள்.

டெட்லாக்குக்குப் போனார். கிளாஸைப் பிடித்தவன் கரண்டிக்குக் காத்திருக்கிறான். கரண்டியைப் பிடித்தவன் கிளாஸுக்குக் காத்திருக்கிறான். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி இல்லை.

அதற்கும் ஆட்டினாள். பார்வை வெளியே செம்பனை வரிசையில் இருந்தது. ஆழ்ந்து யோசிக்கிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

இருபத்தைந்து நிமிடம். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்பது அவருக்கே தெரியாது.

தொழிற்சாலை கேட்டில் பஸ் நின்றது. புரிந்ததா என்று கேட்டார்.

அவர் வாய் அசைவதை ஹபீஸா அப்போதுதான் பார்த்தாள். தலையைச் சுற்றியிருந்த தூடோங்குக்குள் விரலை விட்டு, காதிலிருந்து இயர்போனை எடுத்தாள்.

“ஏதும் கேட்டீங்களா அண்ணே? பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

சிவநேசனுக்கு வாய் கட்டிக்கொண்டது. ஒன்றுமில்லை என்று கையால் காட்டினார்.

மாலை பஸ்ஸில், யாரும் உட்கார வராத அந்த சீட்டில் பையைப் போட்டு, அவளுக்கு இடம் பிடித்து வைத்தார்.