ஈயப் பாடம்

ஞாயிற்றுக்கிழமை. மணிக்கூண்டுப் பக்கம் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாரூக் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். காலையிலிருந்து அறிவுச்செல்வி பற்றவைத்த பதினோராவது கம்பியும் தொட்டதும் கழன்று வந்துவிட்டது.

“ஏம்மா, மெழுகுவத்தி கணக்கா ஈயத்த ஒழுக விட்டிருக்கியே! முதல்ல கம்பியச் சூடாக்கு. ஈயம் தானா ஓடிவந்து ஒட்டிக்கிரும். இன்ஜினியரிங் காலேஜ்ல நாலு வருசமா என்னத்தப் படிச்ச?”

“படமாத்தான் பாய் வரைஞ்சோம். ரெக்கார்டு நோட்டுல நூத்துக்கு நூறு.”

“நோட்டுல கரண்டு ஓடுமா?”

“கோவிச்சுக்காதீங்க பாய். நாளைக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்காரங்க நம்ம ஊர்க் காலேஜுக்கு வாராங்க. அவங்க முன்னாடி பத்தவச்சுக் காட்டணும். சொதப்புனா என் வேலை போச்சு.”

பாய்க்கு மனம் இளகிவிட்டது.

“அடடா, எம்மகன் ரஃபீக்கும் அங்கதான் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருசம். பத்து வயசுலயே ரேடியோவப் பிரிச்சு மாட்டுனவன். அவங்கிட்டக் கேட்டிருந்தா அங்கயே சொல்லிக் குடுத்திருப்பானே!”

அறிவுச்செல்வி கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ரஃபீக் உங்க மகனா? ஐயோ பாய், அவனுக்கு மட்டும் தெரியவே கூடாது!”

“ஏன், உன் கிளாஸா?”

“ஆமா பாய். அந்தக் கிளாஸுக்கு லேப் எடுக்கிறதே நான்தான். வேலைக்குச் சேந்து ரெண்டு மாசம்தான் ஆகுது.”

பாய் சட்டென்று எழுந்து தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தவர், ஓடிப்போய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

“செத்த உள்ளாற வந்திருங்க டீச்சர், பய சாப்பாடு கொண்டு வார நேரம்!”