ஒரே பீரங்கியில் பூட்டிய குதிரைகள்

ஜப்பானில் கோட்டைப் பிரபுக்களின் ஆட்சி முடிந்தது. புது அரசு தன் படைக்குக் குதிரைகளைத் திரட்டியது. சாமுராய் வீரர் ஒருவரைச் சுமந்த ஹயாத்தேயையும் வயலில் உழுத குரியையும் ஒரே பீரங்கி வண்டியில் பூட்டினார்கள்.

"இனி மேலோர் கீழோர் என்று கிடையாதாம், ஐயா. லாயத்தில் பேசிக்கொண்டார்கள்," என்றது குரி சந்தோஷமாக.

"ஏர் இழுத்தவனோடு எனக்கென்ன பேச்சு?" என்றது ஹயாத்தே.

மூன்றாம் நாள் ஒரு குன்றின் உச்சிக்குப் பீரங்கியை இழுத்துச் சென்றன. அரசை எதிர்த்துக் கிளம்பிய சாமுராய்கள் கீழேயிருந்து வாளோடு ஓடி ஏறினார்கள். எல்லோருக்கும் முன்னால் வந்தவரின் குரலைக் கேட்டதும் ஹயாத்தே தன்னையறியாமல் கனைத்தது. அவர் சட்டென்று நின்று மேலே பார்த்தார்.

"ஹயாத்தே!"

பீரங்கி வெடித்தது. புகை விலகியபோது சரிவில் யாரும் நிற்கவில்லை.

"உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரே, யார் ஐயா அவர்?" என்று குரி மெல்லக் கேட்டது.

"குட்டியிலிருந்து என்னை வளர்த்தவர்," என்றது ஹயாத்தே. "நான் கனைக்காமல் இருந்திருந்தால், அவர் அங்கே நின்றிருக்க மாட்டார்."

அடுத்த குன்றுக்குப் போகச் சொல்லிச் சவுக்கு விழுந்தது. இரண்டும் இழுத்தன.