திரையில் ஒரு கட்டைவிரல்

திரை முழுவதும் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கின்றன. ஒருவர் தலையில் முறிந்து விழுந்த கிரேன் கொக்கியின் எஃகு அது. கண்ணுக்குத் தெரியாத ஊசி முனையாகச் செதுக்கி, அணு அணுவாகப் பிய்த்து எண்ணியிருக்கிறாள் ஆய்வாளரான அவள். இரும்பு சாம்பல் நிறம், கார்பன் நீலம், எஃகை நொறுங்கவைக்கும் பாஸ்பரஸ் சிவப்பு. நீலம் அடர்ந்த பகுதியும் வெளிறிய பகுதியும் சேரும் எல்லையில் சிவப்பு, ஈ மொய்த்ததுபோல் அப்பியிருக்கிறது. விரல் பிசுக்கு பட்டாலே கார்பன் கணக்கு கெட்டுவிடும் என்று அவள் கையுறையைக் கழற்றாத அறையில், ஆய்வக மேலாளர் வாயைத் திறந்தபடி பிஸ்கட் மெல்கிறார். சப்புக்கொட்டும் சத்தம் இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்கிறது. எச்சில் காயாத கட்டைவிரலைத் திரையில் அழுத்திச் சிவப்பை மறைக்கிறார். எண்ண வேண்டிய இடத்தைச் சுற்றி அவள் வரைந்த பெட்டியைக் கண்ணால் காட்டி, “இத கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி எண்ணிடும்மா. எஃகு சுத்தம்னு வந்துடும். கீழ நின்னவன் பாத்து நிக்கலன்னு முடிச்சுக்கலாம்” என்கிறார், வாய் கூசாமல். நகக்கண்ணில் பிஸ்கட் துகள் ஈரமாக ஒட்டியிருக்கிறது. “விரல எடுங்க சார். அவர் செத்த காரணம் அதுக்கு அடியிலதான் இருக்கு.” விரல் விலகுகிறது. கண்ணாடியில் எண்ணெய் ரேகை. அதன் வளைவுகளுக்குள்ளும் சிவப்பு கலையாமல் ஓடுகிறது. துடைக்கத் துணியை எடுத்தவள், அதைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியை நகர்த்தாமல் எண்ணும் பொத்தானை அழுத்துகிறாள்.