நாலே காலுக்கு ஒரு கோல்

குருநகர் மீன்வலைக் கடைக் கந்தோரில் றஜிதா சேர்ந்து ஒரு மாதம். எல்லா வேலையும் அவள் தலையில். வேலை முடியக் கொம்பியூட்டரை நிப்பாட்டி நூர்க்கிற அதிகாரம் மட்டும் கிடையாது. பின்னேரம் நாலே காலுக்குக் கடைப் போனில் அட்மின் கனிசியஸ் அண்ணையைக் கூப்பிட வேண்டும். முகம் தெரியாத அந்த மனிசன் எங்கேயோ இருந்தபடி நூர்த்துவிடுவார்.

எப்ப எடுத்தாலும் கொட்டாவியோடுதான் கதைப்பார். பட்டப்பகலில் என்ன நித்திரையோ என்று றஜிதாவுக்குப் பத்திக்கொண்டு வரும்.

"அண்ணை, நூர்க்கிற அனுமதியை எங்களுக்கும் தாங்கோவன். நீங்கள் ஆறுதலாய்ப் படுக்கலாம்."

"கடவுளே, உந்த அனுமதியை முதலே கேட்டிருக்கலாமே பிள்ளை!"

உடனேயே கொடுத்துவிட்டார். அடுத்த நாள் றஜிதா தானே நூர்த்துவிட்டு, கையை வீசிக்கொண்டு உடுவிலுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் காலமை கடை திறந்ததும் திறக்காததுமாய்ப் போன் அடித்தது.

"நேற்று ஏன் எடுக்கேல்லை?" கனிசியஸின் குரலில் கொட்டாவியே இல்லை.

"நாங்களே நூர்த்திட்டம் அண்ணை. நல்லா நித்திரை கொண்டியளோ?"

"கொண்டனான்! வேலைக்குப் பிந்திப்போய் முதலாளியிட்டை வாங்கிக்கட்டினனான். யாழ்ப்பாணத்திலை பின்னேரம் நாலே கால் எண்டால் இஞ்சை ரொறன்ரோவிலை விடியக்காலமை. உம்முடைய கோல்தானே பிள்ளை எனக்கு அலாரம்! அந்த அனுமதியைத் திருப்பி எடுத்திட்டன். இண்டைக்கு மறக்காமல் எழுப்பிவிடும்."